சொல்லிக்கொண்டு போன கடை

பாத்திமேட்டில் எடைமேடை இன்னாசியை ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் செய்தோம், ஏழு மணிக்கு அவர் வழக்கம்போல அருளப்பனின் சுட்ட கோழிக் கடைக்குச் சாப்பிட வந்தார். பெட்டியில் வைக்கும்போது உடுத்திவிட்ட அதே வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும் அதே சந்தன நிறச் சட்டை, காலரில் மட்டும் கல்லறைத் தோட்டத்து மணல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டபடியே மூன்றாவது பெஞ்சின் சுவரோர முனையில் உட்கார்ந்து, "அருளு, ரெண்டு தொடை, ஒரு பரோட்டா, எலுமிச்சை கொஞ்சம் கூட வையி" என்றார். அடக்கத்திலிருந்து திரும்பிக் குளித்த தலை ஈரம் இன்னும் காயாமல் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்த அருளப்பன் திரும்பிப் பார்த்து, "இருங்க அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு அடக்கத்துக்குப் போய்ட்டேன், இப்பத்தான் கரி பிடிச்சிருக்கு, பத்து நிமிசம்" என்றான்.

"தெரியும்லா, நானும் அங்கதான இருந்தேன்" என்றார் இன்னாசி.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. தார்ப் பீப்பாயை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, கால் வைத்து, மேலே கம்பி அடுக்கியதுதான் அடுப்பு, அதில் கருவேலங்கரி, அந்தக் கரிக்குக் காற்று கொடுக்க அருளப்பனின் மனைவி தலை காயவைக்க வாங்கிய சிவப்பு நிற மெஷின், அதை அவள் வாங்கிய இரண்டாம் நாளே அவன் கடைக்குக் கொண்டுவந்துவிட்டான். காலையிலேயே மிளகும் வத்தலும் பூண்டும் எலுமிச்சையும் பூசி ஊறவைத்த கோழியை ஆறரை மணிக்குக் கம்பியில் போட்டதும், கொழுப்பு சொட்டிக் கரியில் விழுந்து சீறி, அதிலிருந்து கிளம்பும் புகை உப்பளத்தில் இருந்து வரும் காற்றைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, ஜெபமாலை சொல்லும் வீட்டுக்கும் டிவி பார்க்கும் வீட்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் நுழைந்து எல்லோரையும் எழுப்பிவிடும். கடைப் பலகையில் 'அருளப்பன் சுட்ட கோழி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொருவரும் "யார் வீட்ல சுட்டது?" என்று உலகத்திலேயே முதல்முதலாகத் தனக்குத்தான் அது தோன்றியதுபோலக் கேட்பார்கள், அருளப்பனும் அப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் கோழி நன்றாக இருப்பதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னாசி அங்கே இருபத்திரண்டு வருடம் சாப்பிட்டவர். உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை, அதனால் எதைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவார். தட்டு வந்ததும் தொடையைக் கையில் தூக்கி, "நூத்தித் தொண்ணூறு கிராம்" என்று சொல்லிவிட்டுத்தான் கடிப்பார், ஒருநாள் தராசு வைத்துப் பார்த்தோம், நூற்றுத் தொண்ணூறுதான். சாப்பிட்டுக் கை கழுவி, வேட்டி நுனியில் துடைத்து, அடுப்பருகே ஒரு நிமிடம் நின்று, "போயிட்டு வாரேன் அருளு" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். மழையானாலும் கரண்ட் இல்லாவிட்டாலும் அதைச் சொல்லாமல் அவர் போனதில்லை.

முதல் நாள் நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, சாப்பிடுகிற மனிதனிடம் என்ன கேட்பது. ஒரே ஒரு சங்கடம்தான் வந்தது. உயிரோடிருந்தபோது இன்னாசி தொண்ணூற்று நாலு கிலோ, அவர் சுவரோர முனையில் உட்கார்ந்தால்தான் அந்தப் பெஞ்சு சமமாக நிற்கும். இப்போது அவரிடம் எடையே இல்லாததால், மறுமுனையில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சு குடை சாய்ந்து அவர்கள் இருவரும் சால்னாவோடு கீழே கிடக்க, இன்னாசி மட்டும் கையில் தொடையோடு மேலே அந்தரத்தில் இருந்தார். "பாத்து உக்காரக் கூடாதாவே?" என்று அவர்களைத்தான் திட்டினார். மறுநாள் அவர்களே அரை மூட்டை உப்பைச் சுமந்துவந்து அவர் பக்கத்து முனையில் வைத்தார்கள், பெஞ்சு பழையபடி சமமாக நின்றது.

திரும்பி வந்த காரணத்தை அவரே சொன்னார். "திங்கக்கிழமை போகும்போது வாரேன்னு சொல்லிட்டுப் போனேன்லா. சொன்னா வரணும்லா. செவ்வாக்கிழமை செத்துப் போனதால வர முடியல, அதை மனசுல வச்சுக்காத அருளு."

வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார் வந்தார். மரித்தவர் உயிர்ப்பது தங்கள் விசுவாசத்தில் பெரிய விஷயம்தான், ஆனால் பரோட்டாவுக்காக உயிர்த்ததாக எங்கும் எழுதியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், இன்னாசிக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னாசி, அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார். கடையே மென்று கொண்டிருந்ததை நிறுத்திவிட்டது. இன்னாசி யோசித்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி. உப்புத்தான் கொஞ்சம் பத்தல" என்றார். உப்பளத்து ஊரில் இதைவிட நம்பும்படியாக ஒரு சாட்சி யாரும் சொல்லிவிட முடியாது. சாமியார் ஒரு தொடை சாப்பிட்டுவிட்டு எழுந்தார், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது பற்றி இருந்தது.

அதற்குப் பிறகு பாத்திமேட்டில் ஒருவரும் வாயை முன்போலத் திறக்கவில்லை. 'வாரேன்' என்ற சொல்லைக் காற்றில் விடும் உமியாக இத்தனை காலம் இறைத்துவிட்டோமே என்று எல்லோருக்கும் பயமும் ஆசையும் ஒன்றாக வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் தாலுகா ஆபீஸிலிருந்தும் இறங்கும்போது, கேட்டவர் காது கிழியும்படி "போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள், பல் பிடுங்கும் டாக்டர் தன்னிடம் ஒருவரும் வாரேன் சொல்வதில்லை என்று வருத்தப்பட்டார். மஸ்கட்டிலும் திருப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அம்மாமார்கள் போன் போட்டு, "கிளம்பும்போது என்னல சொன்ன? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்டார்கள். எண்பது வயது வேலாண்டிப் பெரியவர் ஒரு குடையை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பி, செத்த பிறகு தனக்குப் போகப் பிடித்த இடங்களுக்கெல்லாம் முன்கூட்டியே போய், டீக்கடையில் ஒரு வாரேன், சலூனில் ஒரு வாரேன், குளத்துப் படிக்கட்டில் யாருமில்லாதபோதும் ஒரு வாரேன் என்று சொல்லிவைத்துவிட்டு, கடைசியாகத் தம்பி வீட்டு வாசலில் நின்று மூன்று தடவை சொன்னார். தம்பிக்கும் அவருக்கும் முப்பது வருடமாகப் பேச்சில்லை. தம்பி மனைவி அன்று காய்ச்சலில் படுத்தவள் திங்கட்கிழமைதான் எழுந்தாள்.

ஊர் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இன்னாசியின் வீட்டில் மட்டும் சிரிப்பில்லை. இன்னாசி கடைக்கு வந்தாரே தவிர வீட்டுக்குப் போகவில்லை.

அவர் மனைவி சலேத்தம்மாள் அந்தக் கடைப்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. கடையை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள், "சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள், "சக்களத்தி இன்னைக்கு என்ன போட்டா?" என்பாள். இன்னாசிக்கு நெஞ்சில் கொழுப்பு அடைத்திருக்கிறது, கோழியை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு அந்தக் கேலியில் நிஜமாகவே கோபம் ஏறிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பீர்க்கங்காய்க் கூட்டும் கஞ்சியும் வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள், இவர் மீசையில் கரிவாசனையோடு வந்து பசியில்லை என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள், "அந்தச் சக்களத்தி கிட்டயே போய்க் கெடங்க, இங்க எதுக்கு வாரீங்க?" என்று கத்தினாள், அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி, போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்த வாசலில் அந்தச் சொல் விழுந்தது அன்றைக்குத்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு லாரியை நிறுத்துச் சீட்டு எழுதிக் கொடுத்த கையோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போகத்தான் தினம் கால் எடுக்கேன் அருளு" என்றார் இன்னாசி. "தெருமுனை வரைக்கும் போகுது, அதுக்கு மேல கால் வர மாட்டேங்குது. அங்கதான் போறேன்னு சொல்லிட்டேனே." அதைச் சொல்லும்போது மட்டும் தொடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

நாங்கள் முறைவைத்துச் சலேத்தம்மாளிடம் போனோம். எல்லோருக்கும் ஒரே பதில்தான். கடைசியில் அருளப்பனே போனான், அவனை அவள் உட்காரச் சொல்லவில்லை.

"மதினி, ஒரே ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க. அண்ணாச்சி உங்களையே கேக்காங்க."

"எனக்குச் சொல்லிக்கிட்டா போனாக? சொன்ன எடத்துக்கு அவிய வாராக. நான் எதுக்குச் சக்களத்தி வாசலுக்கு வரணும்?"

அருளப்பன் தலை குனிந்து திரும்பினான். வாசல் தாண்டும்போது பின்னால் அவள் குரல் உடைந்தது. "போறேன்னு சொன்னதும் கூப்பிட்டிருக்கணும் அருளு. கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு வாய்த் தண்ணி கொடுத்து, சரியாச் சொல்லிட்டுப் போங்கன்னு அனுப்பியிருக்கணும். ஊர்ல இருக்க எல்லாப் பொம்பளைக்கும் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே. என் கோவம்தான் அவியளைக் கொன்னுட்டு." அவள் வீட்டுக் கதவு தினமும் ஏழு மணிக்கு விரியத் திறந்திருப்பதையும், விளக்குப் போட்டுப் பீர்க்கங்காய்க் கூட்டோடு அவள் நேரே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதையும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பத்து மணி வரைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. முப்பதாம் நாள் பூசை நெருங்க நெருங்க ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது, பூசை முடிந்தால் ஆத்துமாவை மேலே கூப்பிட்டுவிடுவார்கள், அதன் பிறகு இன்னாசி கடைக்கும் வரமாட்டார் என்று. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினோம். அருளப்பன் அந்த வாரம் முழுக்கக் கோழியைக் கருக விட்டான்.

முப்பதாம் நாள் காலையில் பூசை முடிந்தது. அன்று சாயங்காலம் கடையில் நிற்க இடமில்லை. இன்னாசி ஏழு மணிக்கு வந்தார், சாப்பிட்டார், நூற்று எண்பத்தைந்து என்றார், கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், எழுந்து போக அவருக்கே பயமாக இருந்திருக்கும். அப்போதுதான் தெருவில் நின்ற கூட்டம் விலகியது. வெள்ளைச் சேலையில், வீட்டுப் பானைத் தண்ணீர் நிறைந்த ஒரு பித்தளைச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் சலேத்தம்மாள் படியேறி வந்தாள்.

கடையே எழுந்து நின்றது. "உக்காருங்க எல்லாரும், நான் என்ன கலெக்டரா?" என்றாள். யாரும் உட்காரவில்லை.

அவள் நேரே மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். முப்பது நாளுக்குப் பிறகு அவரைப் பார்க்கிறாள். ஓடிப்போய் அழுவாள் என்று எதிர்பார்த்தோம், அவள் அவர் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"குடிங்க" என்றாள்.

இன்னாசி செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை ஊரே பார்த்தது.

"இப்ப எந்திரிங்க. அன்னைக்குச் சொன்னதை விட்ருங்க. புதுசாக் கிளம்புற மாதிரி, சரியாச் சொல்லுங்க."

அவர் எழுந்தார். வேட்டி நுனியில் வாயைத் துடைத்தார். இரண்டு எட்டு வைத்து அடுப்பருகே வந்து நின்றார். இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிட்டுக் கை கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு அதே இடத்தில் நின்ற கால் அது, அதே இடத்தில் அதே சொல்லைச் சொன்ன நாக்கு. வாயைத் திறந்தார், தெளிவாக, கணீரென்று சொன்னார்:

"போயிட்டு வாரேன் அருளு."

கரி ஒன்று அடுப்பில் டப்பென்று வெடித்தது. இன்னாசிக்கே அப்போதுதான் உறைத்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அருளப்பன், தான் ஏதோ திருடிவிட்டதுபோல, மெஷினைக் கீழே வைத்துவிட்டு மதினியைப் பார்த்தான்.

சலேத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கை தலையிலேயே நின்றது. பிறகு அவள் தோள் குலுங்கத் தொடங்கியது, அழுகிறாள் என்றுதான் நினைத்தோம். "செத்தும் புத்தி வரல பாத்தியளா இந்த மனுசனுக்கு!" என்று சொல்லிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அவள் சிரிக்கவும் கடை சிரித்தது, தெரு சிரித்தது, மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், சிரிப்பு என்னவென்று தெரியாத தெருக்கோடி வீடுகளில்கூடச் சிரித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு இன்னாசி மெதுவாகச் சொன்னார். "சலேத்து, நான் கோவத்துல சொல்லல. வாயில அப்படி வந்துட்டு. பாதித் தெரு போனதும் திரும்பி வந்து சொல்லிரலாமான்னு நின்னேன். லாரி காத்துக் கெடக்கேன்னு போயிட்டேன்."

"நானும் கூப்பிடத்தான் வாசல் வரைக்கும் வந்தேன்" என்றாள் அவள். "நீங்க முதுகைக் காட்டிட்டு நின்னீங்க. கோவம்னு நெனச்சு உள்ள போயிட்டேன்."

இவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இரண்டு பேரும் முப்பது நாள் தவித்திருக்கிறார்கள். அவர்கள் இருவரும் ரொம்பச் சாதாரணமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்ததால் அந்த முனைக்கு எடை வந்துவிட்டது, உப்பு மூட்டையை ஓரமாக நகர்த்தினோம்.

அருளப்பன் கம்பியிலிருந்த தொடையிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். அவள் ஓரத்தில் கொஞ்சமாகக் கிள்ளி, சந்தேகத்தோடு வாயில் போட்டாள். மென்றாள். மறுபடியும் கிள்ளினாள், அப்புறம் கிள்ளவில்லை, கையில் எடுத்துவிட்டாள். எலும்பு வெள்ளையாகத் தெரியும்வரை கடித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"இதையா இருவத்திரண்டு வருசமா ஒத்தையில வந்து தின்னீங்க?"

"நீ ஒருநாளும் வாரேன்னு சொன்னதில்லையே."

"நீங்க ஒருநாளும் வான்னு கூப்பிட்டதில்லையே."

இன்னாசி அடுப்புப் பக்கம் திரும்பினார். "இன்னொரு தொடை வையி அருளு, இவளுக்கு" என்றார்.

எழுந்து கை கழுவி, காலிச் செம்பை எடுத்துக்கொண்டு, அவளும் அடுப்பருகே வந்து நின்றாள், நல்ல சாப்பாடு சாப்பிட்ட யாரும் அங்கே ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்வார்கள். "நல்லா இருந்துச்சு" என்றாள். "போயிட்டு வாரேன் அருளு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குத் தெரிந்தது. திரும்பி இன்னாசியைப் பார்த்தாள். அவர் எல்லாப் பல்லும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

முப்பத்தோராம் நாளும் இன்னாசி வந்தார், அதற்கு அடுத்த நாளும் வந்தார். வாக்குக் கொடுத்தவரை மேலே கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது என்று சாமியார் சொன்னார். சலேத்தம்மாளும் வந்தாள், தினமும், கையில் செம்போடு, கடைத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு. சாப்பிட்டு முடித்ததும் இன்னாசி அவளோடு தெருமுனை வரை நடப்பார், வீட்டு வாசலில் விழுந்த சொல் வீட்டு வாசலிலேயே கிடந்ததால் அங்கே அவர் கால் நின்றுவிடும், அவள் "வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போவாள், அவள் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். உயிரோடிருந்தபோது இவர்கள் இருவரும் ஒன்றாக நடந்து யாரும் பார்த்ததில்லை, இப்போது பார்க்கச் சகிக்கவில்லை என்று ஊர்ப் பெண்கள் சந்தோஷமாகக் கேலி பேசினார்கள். இப்படி இருபத்தாறு வருடம் போனது. அருளப்பனின் தலை நரைத்தது, சிவப்பு மெஷின் மூன்று மாறியது, கோழி மட்டும் மாறவில்லை.

போன மாசிமாதம் ஒரு சனிக்கிழமை சலேத்தம்மாள் தூக்கத்திலேயே இறந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இன்னாசியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். குளித்துவிட்டுக் கடைக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே இரண்டு பேர் அரை மூட்டை உப்பைச் சுமந்துவந்து மூன்றாவது பெஞ்சின் சுவரோர முனையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அருளப்பன் இரண்டு தட்டை எடுத்துத் துடைத்து வைத்தான்.

ஏழு மணிக்கு இன்னாசி வந்தார். சாப்பிடவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழேகால் ஆனது, ஏழரை ஆனது. கம்பியில் இரண்டு தொடை கருகத் தொடங்கியது, அருளப்பன் எடுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் முகத்தில் நாங்கள் முதல்முறையாகச் சாவைப் பார்த்தோம்.

ஏழே முக்காலுக்குப் படியில் செம்பு தட்டும் சத்தம் கேட்டது. முதல் நாள் இன்னாசி காலர் மணலைத் தட்டியதுபோலவே சலேத்தம்மாள் சேலை மணலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, செம்பைக் கீழே வைத்தாள்.

"எங்க போயிட்ட?" என்றார் இன்னாசி.

"வீட்டைப் பூட்டிட்டு வரவேண்டாமா?" என்றாள் அவள். "ஏ அருளு, அது கருகுது பாரு, எடு."